அண்ணாச்சி பதில்கள்: அப்பா வெளியூர் போயிருக்காவ

போன இதழில் ஒரு வாசகர், "திரைக்கதை எழுதினவங்களை யாராவது ஞாபகம் வச்சிருக்காங்களா?" என்று கேட்டிருந்தார். பதிலில் நான் போஸ்னியாக்காரர் அப்துல்லா சித்ரானின் பெயரைச் சொல்லி, இடமில்லாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், "இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் அவருக்கே எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். சாம்பார் குறிப்பும் அரசியல் வம்பும் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளவும்.

"லகான்" படத்துக்கு ஆஸ்கர் கிடைக்காமல் செய்தது ஒரு போஸ்னியப் படம்தானே? அதை எழுதியவரா இவர்?
— கோவில்பட்டி வாசகர்

அது வேறு ஆள். 2002இல் "லகான்" போட்டியிட்ட பிரிவில் ஆஸ்கர் வாங்கிய படம் "நோ மேன்ஸ் லேண்ட்". எழுதி இயக்கியவர் தானிஸ் தானோவிச். இரண்டு படைகளுக்கு நடுவே ஒரு பதுங்குகுழி. அதில் எதிரெதிர்ப் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒரு கண்ணிவெடி மேல் படுத்திருக்கிறான், எழுந்தால் வெடித்துவிடும். அந்தப் படம் அதற்கு முந்தைய வருஷம் கான் திரைவிழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசையும் வாங்கியிருந்தது. நமக்கு அன்றைக்கு வருத்தம்தான். ஆனால் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வருத்தம் போய்விட்டது. "லகான்" படத்துப் புவன், கச்ரா எல்லாரும் மன்னிக்கட்டும்.

சித்ரான் தானோவிச்சுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். போஸ்னியா தனி நாடாக ஆவதற்கு முன்னாலேயே, யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்த காலத்திலேயே, சரயேவோ நகரத்துத் தெருவையும் வீட்டையும் பேச்சையும் உலகத் திரைவிழாக்களுக்குக் கொண்டுபோனவர்.

அப்துல்லா என்று எங்கள் ஊர்ப் பெயராக இருக்கிறதே! அவர் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.
— காயல்பட்டினம் வாசகி

நல்லா கேட்டீங்கம்மா. துருக்கி சுல்தான் போஸ்னியாவைப் பிடித்தது 1463இல். அதற்கப்புறம் நானூறு வருஷத்துக்கு மேல் அவர்கள் ஆட்சி. அதனால் அங்கே ஸ்லாவிய மொழி பேசுகிற மக்களிடம் அப்துல்லா, ஹம்சா, மாலிக் என்ற பெயர்கள் சாதாரணம்.

சித்ரான் பிறந்தது 1944 அக்டோபர் 2, சரயேவோவுக்குப் பக்கத்தில் பின்யெஷெவோ என்ற ஊரில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். முதல் கவிதைத் தொகுப்பு 1970இல் வந்தது. சரயேவோ தொலைக்காட்சியில் நாடகப் பிரிவில் வேலை பார்த்தார். கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் அந்த வேலையின் வழியாகத்தான் காட்சி எழுதுகிற கைக்குப் பழகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பின்னாளில் போஸ்னிய அறிவியல் கலைக் கழகத்தில் உறுப்பினரானார். 2024 மார்ச் 23 அன்று சரயேவோவில் காலமானார். வயது 79.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. அவருடைய பேர்பெற்ற கவிதைத் தொகுப்பின் பெயர் "சரயேவோ தாபூத்". தாபூத் என்றால் அங்கே சவப்பெட்டி. அதே அரபுச் சொல் நம் பக்கத்தில் முஹர்ரம் ஊர்வலத்தில் தூக்கிவருகிற ஜோடனைக்குப் பெயராகிவிட்டது. மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, எடுத்துப்போகிற பெட்டியை நீங்கள் சந்தூக்கு என்பீர்கள். புத்தகம் 1993இல், நகரமே முற்றுகையில் கிடந்தபோது வந்தது. அந்தத் தலைப்புக்கு விளக்கவுரையே அன்றைக்குத் தேவைப்பட்டிருக்காது.

தங்கப் பனை வாங்கியது எந்தப் படம்? கதையைச் சொல்வீர்களா?
— தேனி கல்லூரி மாணவி

1985இல் கான் விழாவின் உச்சப் பரிசான தங்கப் பனை ஒரு யூகோஸ்லாவியப் படத்துக்குக் கிடைத்தது. பெயரைத் தமிழில் சொன்னால், "அப்பா ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறார்". இயக்கியவர் எமீர் குஸ்துரித்ஸா, எழுதியவர் சித்ரான்.

கதை 1950இல் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1948 ஜூனில், யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் ரஷ்யாவின் ஸ்டாலினுக்கும் முறிவு ஏற்பட்டிருந்தது. நேற்று வரைக்கும் வீட்டுச் சுவரில் ஸ்டாலின் படம் மாட்டாதவன் சந்தேகத்துக்குரியவன். இன்றைக்கு மாட்டியிருப்பவன் துரோகி. எந்தத் தேதிக்குள் ஆணியைப் பிடுங்கினாய் என்பதில்தான் உன் தலையெழுத்து.

படத்தில் அப்பா பெயர் மேஷா. அரசாங்க வேலை, பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் சபலம். ரயிலில் போகும்போது பேப்பரில் ஒரு கேலிச்சித்திரம் பார்க்கிறார். கார்ல் மார்க்ஸ் உட்கார்ந்து எழுதுகிறார், பின்னால் சுவரில் ஸ்டாலின் படம் தொங்குகிறது. "இது கொஞ்சம் ஓவர்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான். அதைக் கேட்டது கூட வந்த காதலி. அவள் போய்ச் சொல்லுவது மேஷாவின் மச்சானிடம், அதாவது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம். அவன் அதிகாரத்தில் இருக்கிறவன். மேஷாவைச் சுரங்க வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் குடும்பத்தோடு சுவோர்னிக் என்ற எல்லையோர ஊரில் இருக்க விடுகிறார்கள்.

இதையெல்லாம் நாம் பார்ப்பது மாலிக் என்ற ஆறு வயசுப் பையன் கண் வழியாக. அவனிடம் அம்மா சொல்லிவைத்திருக்கிற பொய்தான் படத்தின் பெயர். பையனுக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கிற வியாதி. தோல் பந்து ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. அவனுக்கு அரசியல் தெரியாது, நமக்குத் தெரிகிறது. படம் முழுக்க அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. கடைசியில் ஒரு கல்யாணம். ரேடியோவில் 1952 ஒலிம்பிக்கின் யூகோஸ்லாவியா–சோவியத் கால்பந்து வர்ணனை. பந்தலுக்குள் காட்டிக்கொடுத்தவனும் மாட்டிக்கொண்டவனும் ஒரே மேஜையில். சொந்தக்காரன் ஆயிற்றே, எங்கே போக?

அது சித்ரானின் சொந்தக் கதையா?
— அதே மாணவி

மாலிக்குக்கு 1950இல் ஆறு வயசு. சித்ரான் பிறந்தது 1944. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அவருடைய அப்பாவையும் ஸ்டாலின் பக்கத்து ஆள் என்று முத்திரை குத்திக் கொண்டுபோனார்கள். போனது கோலி ஓதோக். "மொட்டைத் தீவு" என்று பொருள். அட்ரியாடிக் கடலில் மரமில்லாத ஒரு பாறைத் தீவு. 1949 முதல் 1956 வரைக்கும் இந்தக் குற்றச்சாட்டில் சுமார் 13,000 பேரை அங்கே அடைத்துவைத்தார்கள். புதிதாக வருகிறவனைப் பழைய கைதிகள் இரண்டு வரிசையாக நின்று அடிக்க வேண்டும், அவன் நடுவில் ஓட வேண்டும். மெதுவாக அடித்தவனுக்கு அடுத்த அடி. கல் உடைக்கிறது, உடைத்த கல்லை இங்கிருந்து அங்கே சுமக்கிறது, அப்புறம் அங்கிருந்து இங்கே. வெளியே விடும்போது நடந்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதனால் வீட்டுக்கு வந்த அப்பாக்கள் பேசவே இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தகப்பன் எங்கே போனார் என்று தெரியாமலேயே வளர்ந்தார்கள். டிட்டோ 1980இல் இறந்த பிறகுதான் அந்தத் தீவின் பெயரை எழுத்தாளர்கள் தாராளமாக எழுத ஆரம்பித்தார்கள். படத்தில் தீவு வருவதில்லை, சுரங்கம்தான் வருகிறது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று, கோபிக்க வேண்டாம். எனக்கு எட்டு வயசிருக்கும்போது அப்பா ஒரு வேலைநிறுத்தத்தில் கைதாகி இருபது நாள் உள்ளே இருந்தார். அம்மா எங்களிடம், "அப்பா ஜோலியா வெளியூர் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டாள். தெருவில் எல்லாருக்கும் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்பா வந்த அன்றைக்குத் தம்பி, "என்ன வாங்கிட்டு வந்தீய?" என்று ஓடிப்போய்ப் பையைப் பிடித்தான். பைக்குள் ஒரு துண்டும் பாதி தேய்ந்த சோப்பும் இருந்தன. அப்பா அந்தச் சோப்பைத் தம்பி கையில் கொடுத்தார். வெளியூர்ச் சோப்பு என்று அவன் ஒரு மாசம் யாரையும் தொட விடவில்லை.

இருபது நாளுக்கும் மொட்டைத் தீவுக்கும் ஒப்பே கிடையாது. ஆனால் ஒரு பிலிம் சொசைட்டியின் இரைச்சல் புரொஜக்டரில் அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் யாரோ சொல்லிக் கேட்டபோது, சோப்பு வாசனை வந்தது எனக்கு.

உதவி இயக்குநராக இருக்கிறேன், திரைக்கதை எழுதிப் பழகுகிறேன். சித்ரானிடம் என்ன படிக்கலாம் சார்?
— சாலிகிராமம் வாசகர்

முதலில் "டாலி பெல்லை ஞாபகம் இருக்கிறதா?" பாருங்கள் தம்பி. 1981. குஸ்துரித்ஸாவின் முதல் திரைப்படம், அப்போது அவருக்கு இருபத்தாறு வயசு. எழுதியது சித்ரான். வெனிஸ் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு வாங்கியது.

காலம் 1960களின் தொடக்கம். சரயேவோவின் ஒரு மேட்டுத் தெரு. ஒரே அறையில் அப்பா, அம்மா, பிள்ளைகள். அரசாங்கம் வீடு ஒதுக்கும் என்று காத்திருக்கிறார்கள். அப்பா தீவிர கம்யூனிஸ்ட், இரண்டாயிரமாவது வருஷத்துக்குள் கம்யூனிசம் வந்துவிடும் என்று நம்புகிறவர். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் குடும்பக் கூட்டம் போடுவார். சும்மா இல்லை, நிகழ்ச்சி நிரல் உண்டு. ஒரு பையன் நோட்டை வைத்துக்கொண்டு மினிட்ஸ் எழுத வேண்டும்!

இந்த ஒரு காட்சியை மட்டும் ஒரு வாரம் யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்சியைப் பற்றி ஒரு வசனம் கிடையாது. ஆனால் கட்சி வீட்டுக்குள் எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அப்பா குடும்பத்தை ஆள இவ்வளவு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது என்பதில் சிரிப்பும் வருகிறது. பாசமும் வருகிறது, அதுதான் ஆச்சரியம். நாமாக இருந்தால் அந்த அப்பாவைக் கோமாளியாக்கியிருப்போம், இல்லாவிட்டால் தியாகியாக்கியிருப்போம்.

பிள்ளைகளில் டீனோ என்பவனுக்கு வசியக் கலையில் பித்து. முயலைப் பிடித்து வைத்து வசியம் பண்ணிப் பார்க்கிறான். "ஒவ்வொரு நாளும் எல்லா விதத்திலும் நான் முன்னேறிக்கொண்டே இருக்கிறேன்" என்று ஒரு வாசகத்தைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டே இருக்கிறான். அது பிரெஞ்சுக்காரர் எமில் கூவே என்பவருடைய மந்திரம். அப்பாவுக்குக் கட்சியின் மந்திரம், பிள்ளைக்கு கூவேயின் மந்திரம். இரண்டு பேரும் அதே ஒற்றை அறையில். எழுத்தாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் வீட்டில் ராத்திரி சாப்பிடும்போது யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு முதலில் பரிமாறுவார்கள், யார் பேச்சை யார் வெட்டுவார்கள் என்று எழுதிவையுங்கள். கதாநாயகன் அறிமுகக் காட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வட்டார வழக்கில் எழுதினால் மற்ற ஊருக்குப் புரியாது என்கிறார்கள். அங்கே எப்படி?
— நாகர்கோவில் வாசகர்

அங்கேயும் அதே பஞ்சாயத்துதான். யூகோஸ்லாவியாவில் பெல்கிரேடும் ஸாக்ரெபும் பெரிய ஊர்கள். திரையில் கேட்கிற பேச்சும் பெரும்பாலும் அந்த ஊர்களுடையது, அல்லது யாரும் வீட்டில் பேசாத ஒரு சுத்தபத்தமான மொழி. சித்ரானின் ஆட்கள் சரயேவோ தெருவில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். இழுவை, விழுங்கல், துருக்கிச் சொற்கள், கெட்ட வார்த்தை எல்லாம் சேர்த்து. படம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வெனிசுக்கே போய்ச் சேர்ந்தது.

சரயேவோக்காரர்களுக்கு உயிரான ஒரு சொல் "ராயா". கூட்டாளிகள், நம்ம பயலுக, அலட்டல் இல்லாத ஆட்கள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். துருக்கி ஆட்சியில் வரி கட்டுகிற குடிஜனங்களுக்கு இருந்த பெயர் அது. அரபியிலிருந்து வந்தது. அதே வேர்தான் இந்தியாவுக்கு வந்து ரயத்து ஆகி, நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ரயத்துவாரி முறையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அந்தச் சொல் தோளில் கை போட்டுக்கொண்டது, இங்கே வரலாற்றுப் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகிவிட்டது.

இரண்டு படத்தில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஜோடி ஏன் பிரிந்தது?
— சேலம் வாசகர்

போர். 1992இல் போஸ்னியா தனி நாடாக அறிவித்துக்கொண்டது. ஏப்ரலில் செர்பியப் படைகள் சரயேவோவைச் சூழ்ந்துகொண்டன. சித்ரான் ஊரிலேயே இருந்தார். குஸ்துரித்ஸா அதே சரயேவோவில் பிறந்தவர்தான். அவர் வெளியே இருந்தார், பின்னால் செர்பியாவின் பக்கமே நின்றார். 1995இல் அவருடைய "அண்டர்கிரவுண்ட்" படத்துக்கு இரண்டாவது தங்கப் பனை கிடைத்தது. அப்போதும் சரயேவோ முற்றுகையில்தான் இருந்தது.

இதற்கு மேல் நான் யாருக்கும் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு நகரத்தின் பேச்சையும் வீட்டையும் ஒருவர் எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் அதைப் படமாக்கினார். அந்த நகரத்தின் மேல் குண்டு விழுந்தபோது எழுதினவர் உள்ளே இருந்தார். எனக்கு யார்மேல் சாய்வு என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

முற்றுகைக் காலத்தைப் பற்றி அவர் எழுதினாரா?
— ஈரோடு வாசகி

எழுதாமல் எப்படி? முற்றுகை 1992 ஏப்ரல் 5 முதல் 1996 பிப்ரவரி 29 வரை, மொத்தம் 1,425 நாள். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் நகரம், மலைமேல் பீரங்கி. தண்ணீர், மின்சாரம், விறகு எதுவும் கிடையாது. குடத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள். 1992 ஆகஸ்டில் தேசிய நூலகத்தை எரித்தார்கள். இருபதாவது நினைவு நாளில், 2012இல், நகரத்தின் முக்கிய வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டுவைத்தார்கள், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலி.

போர் முடிந்ததும் சித்ரான் எழுதிய படம் "முழுமையான வட்டம்", 1997. இயக்கியவர் அதெமீர் கெனோவிச், திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. இதற்கு முன்னால் 1989இல் "குதூஸ்" படத்திலும் இருவரும் சேர்ந்திருந்தார்கள். ஜெயிலிலிருந்து வந்தவன் ஒருவன் காதல், சந்தேகம், கொலை என்று போய்க் காட்டில் பதுங்குகிற கதை. அதற்கு இன்னொரு நாள்.

"முழுமையான வட்ட"த்தில் ஹம்சா என்று ஒரு கவிஞர், குடிகாரர். மனைவியையும் மகளையும் கான்வாயில் ஊரைவிட்டு அனுப்பிவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறார். பார்த்தால் உள்ளே இரண்டு அனாதைச் சிறுவர்கள். அதில் ஒருவனுக்குக் காது கேட்காது, பேசவும் வராது. நகரத்தில் குண்டுச் சத்தம் கேட்காத ஒரே ஆள் அவன்தான். அதை யோசித்த எழுத்தாளனுக்கு ஒரு கும்பிடு. கவிஞருக்கோ தான் தூக்கில் தொங்குகிற மாதிரி அடிக்கடி கண்ணில் தெரியும். சாவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு தேட வேண்டும். கை எடுக்காமல் ஒரே இழுப்பில் வட்டம் போடுவது அவர் வழக்கம், படத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. ஹம்சா சொல்லும் கவிதைகள் சித்ரானுடையவை. படப்பிடிப்புக்கு இடிந்த வீடுகளை செட் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவ்வளவு பெரிய ஆள், நாலைந்து படம்தான் எழுதினாரா?
— விருதுநகர் வாசகர்

சரயேவோவில் போய்க் கேட்டால் அவரைக் கவிஞர் என்றுதான் சொல்வார்கள். சினிமா அவருக்குக் கிளைத் தொழில். நாடகமும் எழுதினார். சுவோர்னிக்கில் நெஞ்சை விட்டுவந்தேன் என்று பொருள்படும் தலைப்பில் ஒன்று. அப்பாவோடு குடும்பமே ஒதுக்கப்பட்ட அதே படத்து ஊர், ஞாபகம் இருக்கிறதல்லவா? 1990களில் அங்கிருந்த முஸ்லிம்களை மொத்தமாக விரட்டினார்கள். "வெனிஸ் ஏன் மூழ்குகிறது" என்று போர்க்காலத்தில் எழுதிய கவிதை ஒன்றும் உண்டு. சின்ன இனம் ஒன்று உலகத்திலிருந்து அழிந்துபோகலாமா என்பதுதான் அதன் கேள்வி. முதல் பரிசு கொடுத்த ஊரை வைத்தே கேட்டிருக்கிறார்.

எதை முதலில் பார்க்கட்டும் அண்ணாச்சி? எனக்குப் பொறுமை கம்மி.
— திருச்சி வாசகர்

பொறுமை கம்மி என்றால் "அப்பா ஆபீஸ் வேலையாக" படத்திலிருந்து தொடங்குங்கள். அதில் அம்மாவாக வரும் மிர்யானா கரனோவிச்சையும், காட்டிக்கொடுக்கும் மச்சானாக வரும் முஸ்தபா நதரேவிச்சையும் நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா இருபது வருஷம் கழித்து, 2006இல் பெர்லின் திரைவிழாவில் தங்கக் கரடிப் பரிசு வாங்கிய "கிர்பாவித்ஸா" என்ற சரயேவோ படத்தில், போரில் நடந்ததை மகளிடம் மறைக்கிற இன்னொரு அம்மாவாக வருவார். அங்கேயும் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி ஒரு பொய்தான் சொல்லிவைத்திருப்பார். அதை எழுதி இயக்கியது யாஸ்மிலா ஷ்பானிச். சித்ரானுக்கு அதில் வேலை இல்லை.

மச்சானை மறுபடி பார்க்க "முழுமையான வட்ட"த்துக்கு வாருங்கள். கவிஞர் ஹம்சா அவரேதான். 1985இல் தங்கச்சி புருஷனைப் பிடித்துக்கொடுத்த அதே முகம், பன்னிரண்டு வருஷம் கழித்து, யாரோ பெற்ற இரண்டு பையன்களுக்காக அடுப்பு மூட்ட விறகு தேடிக்கொண்டிருக்கும்.